கண்ணாடியின் முதுகில் ஒரு துளை

வசுமதி இறந்துவிட்டார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியற்காலையில், புனேயின் வானவடியில் அவர் வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையில். மூளையில் இரத்தக் கசிவு. முந்தின நாள் மாலை வரை வேலைக்குப் போய் வந்தவர். வயது நாற்பத்தேழு.

எனக்குச் செய்தி வந்தபோது சாகணில் ஒரு கார் தொழிற்சாலையின் வாசலில் நின்று, என் பெட்டிகள் லாரியிலிருந்து இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது அவர் மகள் இயலினி. புனேயில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். “அங்கிள், அம்மா இல்ல. சகாளி அஞ்சு மணிக்கு” என்றாள். காலை என்ற தமிழ்ச் சொல் அந்த நேரத்தில் அவளுக்குக் கிடைக்கவில்லை, மராத்தியில் சொல்லிவிட்டாள். நான் “எங்கம்மா, ஊருக்குப் போயிருக்காவளா?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்க வேண்டாம். அவள் அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. லாரிக்காரர் எத்தனை பெட்டி இறக்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வானவடிக்குக் கிளம்பினேன்.

இந்த மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது; கூடுதல் பக்கங்களுக்கு அச்சுச் செலவை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்களில் பலர் வசுமதியைப் பொங்கல் விழாவில் ஒலிபெருக்கி கெட்டுப்போனால் மேடைக்கு அடியில் நுழைந்து சரிசெய்கிற அம்மாவாக அறிவீர்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் ‘ஏதோ ஆராய்ச்சி’ என்பீர்கள். அந்த ஆராய்ச்சிக்கு நான் பெட்டி கட்டியவன். அதில் நடந்த ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் புனேக்கு வந்தவன் நான். போசரியில் மரப்பெட்டி அடிக்கிற பட்டறையில் ஆணி பொறுக்கிப் போட்டேன். பிறகு அதே தெருவில் சொந்தமாகக் கொட்டகை போட்டேன். கார்களின் முன் கண்ணாடி, விளக்கு, வார்ப்பு இரும்புச் சாமான், எதுவானாலும் உடையாமல் ஊர் போய்ச் சேருகிற மாதிரி பெட்டி கட்டித் தருவது என் தொழில். பத்து வருடத்துக்கு முன் ஒருநாள் மதியம், ஸ்கூட்டரை என் லாரிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு வசுமதி உள்ளே வந்தார்.

“கார் கண்ணாடிக்குப் பெட்டி கட்டுற தமிழ்க்காரரு நீங்கதானுங்களா?”

பேச்சிலேயே கோயம்புத்தூர் தெரிந்தது. “ஆமா. நீங்க எந்தக் கம்பெனி?”

“கம்பெனி இல்லீங்ணா. தொலைநோக்கி.”

“அத வித்தா எவ்வளவு வரும்?”

“விக்கறதுக்கு இல்லீங்க.”

“அப்ப யாரு துட்டு?”

“சர்க்காரு துட்டுங்ணா.”

“சர்க்காரு துட்டுன்னா வந்து சேர நாளாகும். பாதி முன்பணம் வேணும்.”

“கால்வாசி தாறனுங்க. இல்லீன்னா அடுத்த கொட்டாய்க்குப் போறேன். அவரு கண்ணாடிக்குப் பெட்டி கட்டுனதில்ல, ஆனா ஸ்கூட்டர் நிறுத்த எடம் இருக்குது.”

கால்வாசிக்கு ஒப்புக்கொண்டேன். அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது. என்னிடம் விலை பேசத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் குறைவு.

மாதிரிப் பெட்டி ஒன்று செய்து முடித்தபோது, அவர் பையிலிருந்து அப்பளக் கட்டுகளை எடுத்தார். நூறு அப்பளம். கண்ணாடி எங்கெங்கே இருக்குமோ அங்கெல்லாம் ஒவ்வொன்றாக நிற்க வைத்து மூடச் சொன்னார். என் டெம்போவில் ஏற்றி, சாகண் போய் வரச் சொன்னார். “நல்ல ரோட்டுல போகாதீங்க” என்று ஓட்டுநரிடம் இந்தியில் சொல்லிவிட்டு, தானும் பின்னால் ஏறிப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வந்து திறந்தால் மூன்று உடைந்திருந்தன.

“நூத்துக்கு மூணுதானே. பொரிச்சுத் தின்னா தீந்துது” என்றேன்.

“கண்ணாடியப் பொரிக்க முடியாதுங்களே.”

மறுபடி நுரைத் தாங்கல் மாற்றி, மறுபடி அனுப்பி, நான்காவது தடவை ஒன்றும் உடையாமல் வந்தது. அந்த நூறையும் என் கொட்டகை அடுப்பிலேயே பொரித்து எல்லாரும் தின்றோம். என்னிடம் வேலை பார்க்கும் பெண்களில் மூத்தவரான சந்தாதாயி, “இந்த மேடம் கெட்டிக்காரி சேட், உங்ககிட்டயே இலவசமா நாலு ட்ரிப் வாங்கிட்டா” என்றார். உண்மைதான். டெம்போ வாடகை போடவே மறந்திருந்தேன்.

எதற்கு இவ்வளவு பாடு என்று ஒருநாள் தேநீர் குடிக்கும்போது கேட்டேன். அன்று அவர் சொன்னதை என் அறிவுக்கு எட்டிய அளவில் எழுதுகிறேன். வானத்தில் எங்கோ வெடித்துச் சிதறிய விண்மீன்களிலிருந்து காமா கதிர் என்று ஒன்று கிளம்பி வருகிறது. அது தரைக்கு வந்து சேர்வதில்லை. மேலே காற்றில் மோதி அங்கேயே தீர்ந்துபோகிறது. தீரும்போது துகள்களை மழைபோல உதிர்க்கிறது. அந்தத் துகள்கள், காற்றுக்குள் ஒளி போகிற வேகத்தையும் மிஞ்சி ஓடுவதால் நீலமாக ஒரு வெளிச்சம் பிறக்கிறது. கண் இமைக்கும் நேரத்தைக் பல கோடிக் கூறாக்கினால் அதில் சில கூறு நேரம்தான் அது இருக்கும். நிலவில்லாத இரவில், உயர்ந்த மலையில், நூற்றுக்கணக்கான சிறு கண்ணாடிகளை ஒன்றாகப் பொருத்தி அந்த வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும்.

“வர்ற விருந்தாளி கேட்டுக்குள்ளயே வரமாட்டாருங்ணா. தெரு முக்குல செருப்ப விட்டுப்போட்டுக் காணாமப் போயிருவாரு. அந்தச் செருப்ப வெச்சு ஆளு யாரு, எந்தத் திக்குலருந்து வந்தாருன்னு நாம சொல்லோணும்.”

“வேற எவன் செருப்பாவது கெடந்தா?”

“கெடக்குமுங்க. அதுதான் சங்கடமே. ஆயிரம் வெளிச்சம் வந்தா, அதுல ஒண்ணு ரெண்டுதான் நம்ம ஆளு. மிச்சமெல்லாம் வேற துகளு பண்ற வேலை.”

“கடையும் அப்படித்தாம்மா. ஆயிரம் பேரு விலை கேப்பான். வாங்க வாரவன் சரக்கப் பாத்து நேரா வருவான். பொழுதப் போக்க வாரவன் அங்க ஒரு கால் இங்க ஒரு கால்னு செதறி நடப்பான். நடையிலேயே தெரிஞ்சுபோயிரும்.”

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். “இதை உங்களுக்கு யாருங்க சொன்னா? அதேதானுங்ணா. நம்ம ஆளோட படம் ஒல்லியா, நீளமா, வந்த திக்கக் காட்டிக்கிட்டு நிக்கும். மத்ததெல்லாம் பிச்சுப்போட்ட மாதிரி இருக்கும்.” பிறகு கல்லூரிகளில் பேசப் போகும்போதெல்லாம் என் கடைக்கதையைச் சொல்வாராம். ‘போசரியில் ஒரு நிபுணர் சொன்னார்’ என்றுதான் தொடங்குவாராம். பெட்டி கட்டுகிறவர் என்று சொன்னதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “நிபுணர்னா குறிப்பெடுத்துக்கறாங்க, அதானுங்க” என்றார்.

ஒரு தடவை தன் சோதனை அறைக்கு என்னைக் கூட்டிப் போனார். ஜன்னலெல்லாம் அடைத்த நீண்ட அறை. ஒரு கோடியில் கண்ணாடி, மறு கோடியில் ஒரு சின்ன விளக்கு, பக்கத்தில் வெள்ளைத் தாள். விளக்கின் வெளிச்சம் கண்ணாடிக்குப் போய்த் திரும்பித் தாளில் ஒரு புள்ளியாக விழ வேண்டும். புள்ளி சிறியதாக, இறுக்கமாக இருந்தால் கண்ணாடி தேறியது. பரந்தால் திருப்பி அனுப்புவார். கண்ணாடி என்றதும் நாம் முகம் பார்க்கிற கண்ணாடி என்று எண்ண வேண்டாம். இரண்டடிக்கு இரண்டடி. இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போல அறை அறையாக அலுமினியத் தாள். முன் தகடு வழவழவென்று சற்றே உள்வாங்கியிருக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் என் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

“என்னம்மா, கவுத்துப் போட்டிருக்கு?”

“இப்பத்தானுங்ணா சரியா இருக்குது” என்றார்.

அந்த அறையில் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. இதற்கு மேல் எழுதுவது எனக்குக் கஷ்டம். ஆனால் எழுத வேண்டியது இதற்கு மேல்தான் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன், மழைக்காலம். முதல் லாரிக்கு இருபத்து நான்கு கண்ணாடிகள் என் கொட்டகைக்கு வந்தன. வசுமதி முன்கூட்டியே, வடக்கே தொலைநோக்கி வரப்போகிற மலைக்குக் கிளம்பிவிட்டார். அங்கே இறக்கும்போது தானே நிற்க வேண்டும் என்று. பெட்டியில் வைப்பதற்காகச் சந்தாதாயி ஒரு கண்ணாடியைத் திருப்பினார். முதுகுத் தகட்டின் ஓரத்தில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை.

“சேட், யாலா போக் ஆஹே” என்றார். இதில் ஓட்டை இருக்கிறது என்று.

இருபத்து நான்கையும் திருப்பிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே இடத்தில். செய்தவன் அச்சிலேயே தப்புப் பண்ணிவிட்டான் என்று நினைத்தேன். அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், உறையில் இருந்த ஓர் ஊசித்துளை வழியாக மழை ஈரம் இறங்கி, ஒரு லாரி முழுக்க இரும்புச் சாமான் துருப்பிடித்துத் திரும்பி வந்திருந்தது. அந்தக் கம்பெனி அதோடு என்னை விட்டுப் போனது. அன்றிலிருந்து என் கொட்டகையில் ஒரே சட்டம்: ஓட்டையோடு எந்தச் சாமானும் கேட்டைத் தாண்டக் கூடாது.

யாரிடமும் கொடுக்காமல் நானே உட்கார்ந்தேன். சிலிக்கான் பசை வைத்து இருபத்து நான்கு துளைகளையும் அடைத்தேன். கசிந்ததை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அடைத்த தடமே தெரியாமல் செய்தேன். அதற்குக் கூலி போடவில்லை. வசுமதி பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியின் வரைபடம் என்னிடம் இருந்தது. அதில் அந்தத் துளையும் இருந்தது. பெட்டியின் அளவுக்காக நான் ஓரங்களை மட்டுமே பார்த்திருந்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

மலைப்பாதையில் போகும்போது கையில் இருக்கும் சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெளியே தள்ளுகிறது. அந்தத் தேன்கூட்டு அறைகளில் இருக்கும் காற்று வெளியேறத்தான் அந்தத் துளை. லாரி இரண்டு பெரிய கணவாய்களைத் தாண்டியது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை, கீறல்கூட இல்லை. ஆனால் இருபத்து நான்கும் உப்பிப்போய், முன் தகடு தேன்கூட்டிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது.

அங்கிருந்து அவர் கூப்பிட்டார். காற்றுச் சத்தத்தில் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

“அண்ணா, கண்ணாடிக்குப் பொறத்தால ஒரு ஓட்டை இருந்துதுங்களா?”

“இருந்துச்சும்மா. அடைச்சிட்டேன். எல்லாத்தையும் நானே அடைச்சேன். சும்மாத்தான், காசு போடல.”

தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை “ஹலோ” சொன்னேன்.

“இருக்கறனுங்ணா” என்றார். “சரிங்க. நான் வந்து பேசறேன்.”

என்ன நடந்தது என்று அப்போது அவர் சொல்லவில்லை. நான் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்துக் கொட்டகைக்கு வந்து எல்லாவற்றையும் விளக்கினார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வரைபடத்தை மேசைமேல் விரித்து, துளையின் மேல் விரலை வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். சொல்லும்போது ஒரு தடவை மட்டும் குரல் உடைந்தது. அந்த இருபத்து நான்கையும் அவர் ஒவ்வொன்றாக இரண்டு வருடம் சோதித்துத் தேர்ந்தெடுத்தவர்.

“விசாரணை வெச்சிருக்காங்க. நான் எழுதிக் குடுத்துட்டனுங்ணா. அந்த ஓட்டை எதுக்குன்னு பெட்டி கட்டறவருக்கு நான் எழுத்துல சொல்லல, பொறுப்பு என்னுதுன்னு.”

“அதெப்படிம்மா? அடைச்சது நானுல்லா? என் பேர எழுதுங்க.”

“உங்க பேர எழுதுனா உங்களக் கருப்புப் பட்டியல்ல போடுவாங்க. அது சாகண் கார் கம்பெனி வரைக்கும் போகும். இங்க எத்தன பேரு வேலை பாக்கறாங்க?”

“முப்பத்தெட்டு.”

“அப்பறம் என்னுங்க? என்னைய வேலைய விட்டா அனுப்பப் போறாங்க? கொஞ்ச நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாங்க. போச்சாதுங்க, விடுங்க.”

நான் மறுத்தேன். ஆனால் எவ்வளவு நேரம் மறுத்தால் மறுத்த மாதிரி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். விலை பேசுவதில் பாதி அதுதான். அவ்வளவு நேரம் மறுத்துவிட்டு, “சரி, உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டேன். இதை அழகாகச் சொல்ல வழியில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் நினைத்ததுபோல் அது கொஞ்ச நாளில் தீரவில்லை. கண்ணாடிக் குழுவின் தலைமையிலிருந்து அவரை எடுத்தார்கள். வாங்கிய சாமான்களுக்குப் பட்டியல் போடும் பிரிவில் உட்கார வைத்தார்கள். மலைக்குப் போகிறவர்களின் பட்டியலில் பிறகு ஒரு தடவைகூட அவர் பெயர் வரவில்லை. புதிதாகச் செய்த கண்ணாடிகளுக்கு நானேதான் பெட்டி கட்டினேன். ஒவ்வொன்றின் துளையையும் என் கையாலேயே ஊசி விட்டுப் பார்த்துத்தான் மூடினேன். பில்லும் போட்டேன், அவர்கள் பணமும் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்க வந்தது வேறு ஆள்.

அவரோ என்னிடம் வருவதை நிறுத்தவில்லை. விஷ்ராந்த்வாடியில் ஓர் உறவினர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் போசரிக்கு ஒரு எட்டு வந்து, கொட்டகையில் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒரு தடவை நான் அந்தப் பேச்சை எடுக்கப் போனபோது, “அண்ணா, நாம பேசி முடிச்ச விலைய நீங்க எப்பவாச்சும் திருப்பிப் பேசியிருக்கீங்களா?” என்றார். வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் மூடிக்கொள்ளத்தான் விருப்பமாக இருந்தது.

தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கிய வாரத்தில் வந்தார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்புத் திரையில் அறுகோணம் அறுகோணமாகக் கட்டங்கள். நடுவே ஒல்லியாக, கொஞ்சம் சாய்ந்து, நீலத்தில் ஒரு தீற்று.

“யாருன்னு தெரியுதுங்களா?”

“நேரா வாரானே.”

“வாங்க வந்த ஆளேதானுங்ணா” என்றார். பிறகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாக் கண்ணாடியும் மாட்டுனதுக்கப்பறம் எப்படி இருக்குமுன்னு போட்டோவுலதான் பாத்தேன். பகல்ல வெயிலு பட்டா எரிஞ்சுபோகுமுன்னு தலையக் குனிஞ்ச மாதிரி நிறுத்தி வெப்பாங்களாமா. ஒருக்கா கிட்ட நின்னு பாக்கோணும்.”

“அடுத்த வருசம் போவீயம்மா” என்றேன்.

“ஆமாங்க. கேட்டிருக்கறேன்.”

அப்போதே எழுந்து போய் அவர்கள் அலுவலகத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுத்த லாரியிலேயே அவரை ஏற்றி அனுப்பியிருப்பார்கள். அந்த மாதம் சாகணில் ஒரு பெரிய ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டியிருந்தது. அது முடியட்டும் என்று இருந்தேன். அது முடிந்ததும் இன்னொன்று வந்தது. மூன்று வருடம் இப்படிப் போயிற்று. அவர் கேட்ட அனுமதியும் வரவில்லை.

வசுமதி இறந்த அன்று வானவடி வீட்டில் கூட்டம் அதிகமாக இருந்தது. அவரோடு வேலை பார்த்தவர்கள் மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தார்கள். அவர்களில் கண்ணாடிக் குழுவின் இப்போதைய தலைவர், மரியாதையான மனிதர், பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாக இந்தியில் சொன்னார்: “எவ்வளவு திறமை. அந்த முதல் லாரி விஷயத்தில் மட்டும் கவனக்குறைவாக இல்லாமல் இருந்திருந்தால்...” மற்றவர் தலையாட்டினார். அந்தப் பேச்சில் கெட்ட எண்ணம் இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வசுமதி தன் வாழ்நாளில் கவனக்குறைவாகச் செய்த காரியம் ஒன்றை யாராவது எனக்குக் காட்டுங்கள். அந்தச் சொல் அவரோடு சேர்ந்து எரியப் போவதில்லை, அவருக்குப் பிறகும் இருக்கப் போகிறது என்று அப்போது புரிந்தது. அப்போதும் நான் பேசவில்லை. சாவு வீட்டில் எப்படிப் பேசுவது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் நந்தகுமார் வங்கியில் வேலை பார்க்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது.

“எங்கிட்ட அவ சொல்லவே இல்லீங்களே” என்றார். “தப்பு அவளுதுன்னுதான் சொன்னா. நானே அவளக் கேட்டிருக்கறேன், ஏன் இப்படிக் கவனமில்லாம பண்ணுனே நீன்னு.”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். “ஆறு வருசம் எங்க வீட்டுப் பொங்கலுக்கு வந்து சாப்பிட்டுப் போனீங்க” என்றார் திரும்பாமலே. பிறகு, “நீங்க கெளம்புங்க” என்றார். கதவருகில் இயலினி நின்றிருந்தாள். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. “அம்மா உங்க மேல குஸ்ஸா பண்ணலையா அங்கிள்?” என்று கேட்டாள். கோபம் என்பதைத்தான் இந்தியில் அப்படிக் கேட்டாள். இல்லையம்மா என்றேன். “நான் பண்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் சொன்னது சரி.

போன வாரம் வசுமதி வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் கொட்டகைக்கு வந்தார்கள். கொள்முதல் அதிகாரி ஒருவர், நான் சொன்ன அந்தக் குழுத் தலைவர் ஒருவர். அதே மலையில் இரண்டாவது தொலைநோக்கி வரப்போகிறது. கண்ணாடிகளுக்குப் பெட்டி வேண்டும். விலை சொல்லுங்கள் என்றார்கள். என் வாழ்க்கையில் வந்த மிகப் பெரிய ஆர்டர். பேசியது இந்தியில், தமிழில் எழுதுகிறேன்.

விலை சொல்வதற்கு முன்னால், துளைகளை அடைத்தது யார் என்று சொன்னேன். வரைபடம் என்னிடம் இருந்ததையும் சொன்னேன். சந்தாதாயியைக் கூப்பிட்டு அவர் பார்த்ததையும் சொல்லச் சொன்னேன். குழுத் தலைவர்தான் முதலில் கேட்டார்.

“ஆறு வருடம் ஏன் சும்மா இருந்தீர்கள்?”

“ஆர்டர் போய்விடும் என்ற பயம்.”

“இப்போதும் போகும்.”

“தெரியும்.”

கொள்முதல் அதிகாரி அனுபவசாலி. “அந்தக் கோப்பு மூடியாகிவிட்டது. அந்த அம்மாவும் இல்லை. இதைக் கிளறி யாருக்கு லாபம்? நீங்கள் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், வேலையைப் பார்ப்போம்” என்றார். அந்த விசாரணை அறிக்கையைத் திருத்தாமல் விலை பேசுவதில்லை என்றேன். வேண்டுமானால் கடைசியில் ஒரு குறிப்பு ஒட்டலாம் என்றார்கள். கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை, பொறுப்பு என்று எழுதியிருக்கும் பக்கத்தையே மாற்றுங்கள் என்றேன். இரண்டு நாள் போய் வந்து பேசினோம். வசுமதியிடம் விலை பேசிய பிறகு யாரிடமும் அவ்வளவு பிடிவாதமாக நான் பேசியதில்லை. அவர்களும் விதியை விட்டுக் கொடுக்கவில்லை. நேற்று மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டோம்.

முடிவான விவரம் இது. என் நிறுவனத்திடமிருந்து இரண்டு வருடத்துக்கு எதையும் வாங்கக் கூடாது என்று தடை. இந்தத் தடை எழுத்தில் வெளியிடப்படும், சாகணுக்குத் தெரிந்தால் தெரியட்டும். பெட்டியின் வரைபடங்கள் எல்லாவற்றையும் நான் விலையில்லாமல் அவர்களிடம் கொடுக்க வேண்டும். ஆர்டர் யாருக்குப் போனாலும் அவர்கள் ஆட்களுக்குக் கட்டும் முறையைச் சொல்லித் தர வேண்டும், அதற்கும் கூலி இல்லை. உப்பிப்போன கண்ணாடிகளில் ஒன்றை நான் வைத்துக்கொள்ளலாம். பழைய அலுமினியம் அன்றைக்கு என்ன விலையோ, எடை போட்டு அந்த விலை. அவர்கள் தரப்பில் ஒன்றே ஒன்று: அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் ‘பொறுப்பு’ என்பதற்கு எதிரே வசுமதியின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டு, பழைய அறிக்கை யார் யாருக்கெல்லாம் போனதோ அத்தனை பேருக்கும் புதிய பக்கத்தை முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும்.